1934இல் வாக்களிக்கப் போகிறவளுக்கு என்ன உடுத்துவது?

யாழ்ப்பாணத்தில் முதல் தடவையாக வாக்குப் போடப் போகும் ஒரு பெண். படத்தின் கடைசிப் பகுதி அதுதான். வேலியோரம் நடந்து வருகிறாள், வரிசையில் நிற்கிறாள், உள்ளே போகிறாள், வசனம் அநேகமாக இல்லை. "அக்கா, அவளைப் பாத்தவுடன விடுதலை எண்டது தெரியோணும், உடுப்புத்தான் கதைக்கோணும்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். குறைந்த செலவுப் படம், உடுப்புப் பொறுப்பு என்னிடம், ஆளுக்கு ஒரு யோசனை. அந்த யோசனைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், பழைய காலக் கதை எடுக்க நினைக்கிற வேறு யாருக்கும் பயன்படலாம்.

முதலில் ஆண்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கதையில் 1931 என்று இருந்தது. பிரித்தானியர் இலங்கைக்குக் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குக் கிடைத்த ஆண்டு அதுதான், ஆகவே எழுதியவரில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடத்து அரசாங்க சபை என்ற சட்டசபைக்கான தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. சுயராச்சியம் தராத அரசியலமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்ற இளைஞர் அமைப்பு நின்றது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை என்ற நாலு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த ஆசனங்கள் நிரம்பியது 1934இல்தான். இதற்கிடையில் 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து தெரிவாகிச் சபைக்குள் போய் இருந்தும் விட்டார். தமிழ்ப் பெண் ஒருவர் சட்டசபையில், யாழ்ப்பாணத்துப் பெண்ணோ இன்னும் வாக்குப் பெட்டியைக் கண்ணாலும் காணவில்லை. சரி, ஆண்டு 1934.

இனி உடுப்பு. கட்டையாக வெட்டிய தலைமுடியும் முழங்கால் வரை சட்டையும், கொழும்புப் பறங்கிப் பெண்களின் பாணியில், என்று ஒருவர் சொன்னார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பனையோலை வேலிகளுக்கு நடுவே அப்படி ஒருத்தி நடந்தால் படம் பார்க்கிறவர் அவளுடைய வாக்கை மறந்துவிட்டுக் காலைத்தான் பார்ப்பார். அதை அதோடு விட்டோம். மிஞ்சியவை மூன்று: வெள்ளைக் கதர்ச் சேலை, மிஷன் பள்ளிக்கூடத்துப் பாணி, மார்புக்கு மேலே சுற்றிக் கட்டுகிற குறுக்குக்கட்டின் மேல் ஒரு சட்டை.

கதர்தான் எல்லாருக்கும் முதலில் வருகிற எண்ணம். காரணமும் இருக்கிறது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார், பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆன மாணவர் காங்கிரஸ் அழைத்து வந்தது, கதர் நிதிக்குப் பணம் சேர்த்தார்கள். 1934இல் ஒரு வாத்தியாரம்மா கதர் கட்டுவது முழுக்க நம்பக்கூடிய விஷயம். பட்டையும் அட்டியலையும் கழற்றி வைத்துவிட்டு, நெய்த நூலின் முடிச்சுகள் தெரிகிற முரட்டுத் துணியை உடுத்திக்கொண்டு தெருவில் இறங்குவது வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்குச் சாதாரண முடிவு இல்லை. சீதனக் கணக்கில் கழுத்தை அளக்கிற ஊரில் வெறுங்கழுத்தோடு நடப்பதென்றால் அது ஒரு பேச்சுத்தான்.

ஆனால் வெள்ளை என்றதும் எங்கள் ஊரில் வேறொன்றும் நினைவுக்கு வரும். கைம்பெண். கதர் வெள்ளையையும் விதவை வெள்ளையையும் திரையில் பிரித்துக் காட்டுவது லேசில்லை. பொட்டு வைக்கலாம், சிவப்புக் கரை போடலாம், அப்படியும் பின்வரிசையில் இருக்கிற ஆச்சி "பாவம், புருசன் இல்லைப்போல" என்று சொல்லத்தான் போகிறா. இதை ஒரு குறையாக மட்டும் பார்க்கத் தேவையில்லை, உண்மையில் ஒரு விதவையே வாக்களிக்கப் போகிறாள் என்றால் அது தனிக் கதை, நல்ல கதையும்கூட. எங்களுடைய கதை அதில்லை.

கமராவுக்கும் வெள்ளை சிரமம். யாழ்ப்பாணத்து வெயிலில் மத்தியானம் வெள்ளைத் துணி எரிந்து போய், மடிப்பு ஒன்றும் தெரியாமல், வெறும் வெளிச்சமாகத் தெரியும். கொதித்த தேயிலைச் சாயத்தில் ஒருதரம் முக்கி எடுத்தால் அந்தப் பளீர் குறைந்து பழைய துணியின் நிறம் வரும், இது நாடகக்காரர் எல்லாருக்கும் தெரிந்த வேலை. அப்புறம் கரை. கதை நடப்பது வலிகாமம் என்றால் சேலையின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் செம்மண் ஏறியிருக்க வேண்டும், தோய்த்தாலும் முழுதாகப் போகாத அந்தக் காவி நிறம். வடமராட்சிக் கரையோரம் என்றால் மணல், கறை பிடிக்காது. வலிகாமத்துத் தெருவில் நடந்து வந்தவளின் கரை பளிச்சென்று இருந்தால் அவள் காரில் வந்து இறங்கியவள் என்றுதான் பொருள். சொல்லப்போனால் அப்படி இறங்கியவர்களும் இருந்திருப்பார்கள்.

கடையில் இன்று கதர் என்று விற்பதில் கலப்பு நூல் நிறைய, வாங்குகிறவர்கள் ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பார்க்கட்டும். பருத்தி என்றால் சாம்பலாகும், பொலியெஸ்ரர் என்றால் உருகி உருண்டையாகும்.

இரண்டாவது, மிஷன் பாணி. முழுக்கை, கழுத்துவரை ஏறிய கொலர், லேஸ் வைத்த சட்டை, அதன் மேல் சேலை, கையில் குடை, காலில் சப்பாத்து. உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் தொடங்கியது, வேம்படி 1830களில், சுண்டிக்குளி 1896இல். ஆசியாவிலேயே பெண்பிள்ளைகளுக்கான பழைய விடுதிப் பாடசாலைகளில் ஒன்று உடுவில் என்பதை எங்கள் ஊரார் ஒருநாளும் சொல்லாமல் விடமாட்டார்கள். இந்த உடுப்புக்குப் படச் சான்று நிறைய இருக்கிறது, அதுதான் இதன் பெரிய பலம். வீட்டு அல்பங்களை நம்பி யாழ்ப்பாணத்தில் வேலை செய்ய முடியாது; 1995 இடப்பெயர்வோடு எத்தனை றங்குப்பெட்டி போனது, எத்தனை கல்யாணப் படம் போனது என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். 1981இல் பொது நூலகம் எரிந்தபோது போனவை வேறு. மிஞ்சியவை மிஷன்காரர் எடுத்த படங்கள், பாடசாலை மலர்கள், ஈழகேசரி, இந்துசாதனம் போன்ற பழைய பத்திரிகைகள். பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வைத்திருக்கிற "நூலகம்" என்ற இணையத்தளத்தில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

அந்தப் படங்களை அப்படியே நம்பவும் கூடாது. ஸ்ரூடியோவில் நிற்கிறவள் தன்னிடம் உள்ளதில் ஆகச் சிறந்ததைப் போட்டுக்கொண்டு, சிலசமயம் பக்கத்து வீட்டுச் சங்கிலியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தினசரி உடுப்பு அது இல்லை. மற்றது, பலூன் மாதிரிப் புடைத்த கை 1900ஐ ஒட்டிய பாணி. 1934இல் இளம் ரீச்சருக்கு அதைப் போட்டால் தாயின் உடுப்பைப் போட்டதுபோல இருக்கும். முழங்கைக்கு மேலே நிற்கிற சாதாரணக் கைதான் அப்போதைக்குப் பொருந்தும். எங்களிடம் வந்த மாதிரிப் படங்களில் பாதி இந்தப் புடைத்த கைதான், பழையது என்றால் எல்லாம் ஒரே பழசு என்று நினைக்கிற பழக்கம்.

மிஷன் உடுப்பில் எனக்குள்ள தயக்கம் வேறு. அதைப் பார்த்ததும் படிப்பு தெரிகிறது, வசதி தெரிகிறது, வெள்ளைக்காரத் துரைசானியின் தையல் வகுப்புத் தெரிகிறது. படிப்புத்தான் விடுதலை என்று ஒரு கட்சி இருக்கிறது, நானும் பாதி அந்தக் கட்சிதான். ஆனால் படிப்பும் வாக்கும் ஒன்றாகப் போகவில்லை என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஆள் இருக்கிறார். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதையும் சாதியில் ஒடுக்கப்பட்டவர்களுக்கு வாக்குக் கொடுப்பதையும் எதிர்த்தவர். பெண்ணைப் படிக்க வைக்கலாம், அவளிடம் பெட்டியைக் கொடுக்கக் கூடாது. கொழும்பில் 1927இல் தொடங்கிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம்கூட முதலில் கேட்டது எல்லாப் பெண்களுக்குமான வாக்கை அல்ல, படிப்போ சொத்தோ உள்ளவர்களுக்கானதை. ஆணைக்குழு 1928இல் பெண்களுக்கு 30 வயது என்றது, கடைசியில் அது 21 ஆனது. அந்த 21 வயதுதான் கேட்காதவளையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது.

அவளைப் பற்றியதுதான் மூன்றாவது தெரிவு.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் யாழ்ப்பாணத்தில் மேற்சட்டை போடக் கூடாது என்பது எழுதாத சட்டம். ஒரு துணியை மார்புக்கு மேலே சுற்றி, கக்கத்தின் கீழ் செருகிக் கட்டுகிற குறுக்குக்கட்டுத்தான் அவர்களுக்கு வெளியுடுப்பு. கிணற்றடியில் குளிக்கும்போது எல்லா வீட்டுப் பெண்களும் கட்டுகிற அதே கட்டு. ஒருத்திக்கு அது குளியலோடு முடியும், மற்றவள் அதோடுதான் வயலுக்கும் சந்தைக்கும் போகவேண்டும். தங்க நகையும் கிடையாது. சட்டை போட்டவளின் சட்டையைக் கிழித்த கதைகளை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில் இதே பிரச்சினைக்குத் தோள்சீலைப் போராட்டம் நடந்து 1859இல் அரசர் உத்தரவு போட்டார். எங்களிடம் அப்படி ஒரு உத்தரவு வரவில்லை. பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பது குற்றம் என்கிற சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது.

ஆக 1934இல் அவளுக்கு வாக்குப் போட உரிமை இருக்கிறது, சட்டை போட இல்லை. வாக்கைக் கொடுத்தது லண்டனில் இருந்து வந்த ஆணைக்குழு, சட்டையை மறித்தது அடுத்த வளவு. ஒரே காலை, ஒரே வரிசை, முன்னால் ஒருத்தி நகைகளைக் கழற்றிவிட்டு வந்து நிற்கிறாள், பின்னால் ஒருத்தி வாழ்க்கையில் முதல்தடவை கை வைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். வெளியில் உள்ள படங்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு விடுதலை என்றால் எதையோ கழற்றி எறிவது, இறுக்கத்தைத் தளர்த்துவது, கையைக் குறைப்பது. இங்கே அது தலைகீழ். கழற்றுகிற விடுதலை ஏற்கெனவே உடுத்தியிருந்தவளுக்குத்தான்.

இயக்குநருக்கு இது பிடித்தது, பயமும் வந்தது. "பிரச்சினை வருமோ அக்கா?" வரும். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதுதான் பார்க்கவேண்டியது. "அந்தக் காலத்தில அப்பிடி ஒண்டும் இல்லை" என்று சொல்ல வருகிறவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆனால் "எங்கட ஆச்சியை இந்தக் கோலத்தில காட்டாதேங்கோ" என்று அந்தக் குடும்பங்களில் இருந்தே ஒருவர் சொன்னால் அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. தங்கள் ஆச்சிமாரை ஊர் எப்படிப் பார்த்ததோ அதே பார்வையில் திரையும் பார்க்கும் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஆகவே இந்தத் தெரிவை எடுத்தால் கதையை முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டவேண்டும், உடுப்பைத் தைத்த பிறகு போய் அனுமதி கேட்பது மரியாதை இல்லை. நடிக்கிற பெண்ணுக்கும் அதுதான். குறுக்குக்கட்டுக் காட்சியில் கமரா முகத்தின் உயரத்தில் நிற்கட்டும், பின்னால் இருந்து தோளை மேய வேண்டாம். வெள்ளைத் தோல் நடிகையைக் கொண்டுவந்து கறுப்பு மை பூசுகிற வேலையும் வேண்டவே வேண்டாம்.

என்னுடைய முடிவு மூன்றாவதுதான். ஆனால் கதாநாயகியே அவள் என்றால் மட்டும். கதையில் இருந்தபடி நாயகி கதர் கட்டின வாத்தியாரம்மா, அவள்தான் பக்கத்துக் குடிசைப் பெண்ணுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வாக்களிக்கக் கூட்டிப்போகிறாள் என்றால், அந்தச் சட்டை வாத்தியாரம்மாவின் தரும காரியமாகிவிடும், நாங்கள் கைதட்டுவதும் அவளுக்குத்தான். அதற்கு மிஷன் உடுப்போடே நிறுத்தியிருக்கலாம். பெண் தன்னுடைய காசில், சந்தையில் மிளகாய் விற்ற காசோ கடகம் பின்னி விற்ற காசோ, தானே துணி வாங்கட்டும். வாத்தியாரம்மா வரிசையில் நிற்கட்டும், திரும்பிப் பார்க்கட்டும், முகத்தில் சிரிப்பு வரவேண்டிய கட்டாயமும் இல்லை. கதர் கட்டினவர்கள் எல்லாரும் சமபந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நினைப்பது எங்களுடைய ஆசை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் சமமாக இருக்கலாம் என்று வந்தபோது பள்ளிக்கூடக் கொட்டிலையே கொளுத்திய ஊர் இது, அதுவும் அந்தக் காலப்பகுதியில்தான்.

அப்படியானால் அந்தச் சட்டை எப்படி இருக்கும்? இதில்தான் அதிக நேரம் செலவழிக்கவேண்டும் என்று நினைக்கிறேன், மற்ற இரண்டுக்கும் கடையில் மாதிரி கிடைக்கும், இதற்குக் கிடையாது. சிங்கர் கம்பனி இலங்கைக்கு 1877இலேயே வந்துவிட்டது, யாழ்ப்பாணத்துத் தையல்காரரிடம் மெசின் இருந்திருக்கும், ஆனால் அவளுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்க எந்தத் தையல்காரர் துணிந்திருப்பார்? ஆகவே கைத்தையல். கோடிச் சீலை, வெளுக்காத வெள்ளை. உடம்புக்கு ஒரு சதுரம், கைக்கு இரண்டு சதுரம், கழுத்துக்கு ஒரு வெட்டு. மார்புக்கு டார்ட், அதாவது மடிப்புத் தையல், பிடிக்கக் கூடாது, இன்றைய பிளவுஸ் போல முதுகில் ஒட்டக் கூடாது, ஹூக் கூடாது, முன்னால் இரண்டு முனையை இழுத்து முடிச்சுப் போட்டால் போதும். தையல் ஒரே சீராக வரக் கூடாது. தோளில் நெருக்கமாகத் தொடங்கி விலாப்பக்கம் வரும்போது பெரிய பெரிய தையலாகப் போகட்டும், விளக்கு வெளிச்சத்தில் அவசரமாகத் தைத்தவளின் கை அப்படித்தான் போயிருக்கும். கக்கம் இறுகும். அளவெடுக்கத் தெரியாதவள் தைத்தது, கை தூக்கினால் முழுச் சட்டையும் மேலே ஏறும்.

அது நடிப்புக்கும் உதவும். சட்டை போட்டுப் பழகாத உடம்பு சட்டைக்குள் எப்படி இருக்கும் என்பதை நடிகை யோசிக்கவேண்டியதில்லை, அந்த இறுக்கமே சொல்லிக் கொடுக்கும். கையை உடம்போடு ஒட்டி வைப்பாள், அடிக்கடி கையின் விளிம்பை இழுத்துவிடுவாள், கழுத்தடியில் கோடித் துணியின் கஞ்சி அரிக்கும். நெஞ்சை நிமிர்த்தி வீரநடை நடந்தால் காட்சி கெட்டது.

கீழே குறுக்குக்கட்டு அப்படியே இருக்கட்டும். ஆகப் பழைய துணி, தோய்த்துத் தோய்த்து நிறம் தெரியாமல் போனது. மேலே கோடி, கீழே கந்தல். இந்த வித்தியாசம் ஒன்றே போதும், வேறு அடையாளம் எதுவும் வேண்டாம். நகை இல்லை, பொட்டுத் தேவையில்லை, கால் வெறுங்கால். கொண்டையில் பூ வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம், அழகுபடுத்த ஆரம்பித்தால் நிறுத்தமாட்டோம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் வாக்காளர்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி என்றுதான் தேர்தல் நடந்தது. ஆகவே வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்டபடி கொடுத்தால் ஆளாளுக்கு ஒரு கட்சிக்காரர்போல ஆகிவிடும். கூட்டத்துக்கு மங்கிய நிறங்கள், காவி, சாம்பல், பழைய நீலம். பெட்டிகள் மட்டும் பளிச்சென்று இருக்கட்டும். முக்கியமாக எங்கள் பெண்ணின் கோடி வெள்ளைக்கு நிகராக அந்தக் கூட்டத்தில் வேறு வெள்ளை இருக்கக் கூடாது, வாத்தியாரம்மாவின் கதரைத் தேயிலையில் இன்னொருதரம் முக்கவேண்டியதுதான்.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: மூன்றிலும் மிகக் குறைந்த செலவு இதுதான், துணிக்காசு ஒன்றுமே இல்லை. ஆனால் சட்டை ஒன்று போதாது. நடக்கும் காட்சிக்கு ஒன்று, வழியில் மறித்துக் கிழிக்கும் காட்சிக்கு, அது படத்தில் இருக்கிறதோ இல்லையோ இன்னும் முடிவாகவில்லை, ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. எல்லாம் ஒரே துணிக்கட்டில் இருந்து வெட்டவேண்டும், ஒருவரே தைக்கவேண்டும், இல்லாவிட்டால் தையல் மாறினது பெரிய திரையில் தெரியும். கிழிகிற சட்டைகளில் தோள் மூட்டை மட்டும் பலமில்லாத நூலால் தொட்டுத் தொட்டுத் தைத்து வையுங்கள், இழுத்தவுடன் அங்கே மட்டும் விடும், நடிகைக்கும் காயம் வராது.